பெரீயா கலாசாலையின் விதிப்பத்திரம்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்தபின், மாணவர் விடுதி நிதியைக் குறித்துச் சிலர் பேசிக்கொண்டிருக்கையில், முதிய அங்கத்தினர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். கிறிஸ்தவ சமயத்தார் தாம் சென்ற தேசமெங்கும் கலாசாலைகளையும் சர்வகலாசாலைகளையும் நிறுவியுள்ளனரே, அவற்றின் உண்மையான நோக்கந்தான் யாது? மதத்தைப் பரப்புதலா, கல்வியைப் பரப்புதலா, அன்றி இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்ட வேறொன்றா? என்பதே அவ்வினா. இதற்குப் பொதுப்பட ஒரு விடை கூறிவிடலாம். ஆனால் அவ்விடை எல்லாருக்கும் பொருந்துவதாகவும் ஒருவருக்கும் பயன்படாததாகவும் முடியும். ஆதலின் ஒரேயொரு கலாசாலையின் கதையை இங்கே விரித்துரைக்க எண்ணுகின்றோம். கட்டடமும் பொருளும் கிடைக்குமுன்னரே தன் நோக்கத்தை எழுதிவைத்து, அவ்வெழுத்தின் பொருட்டு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, மீண்டு வந்து, பின்னர் அரசாங்கச் சட்டத்தினாலேயே அவ்வெழுத்தைக் கைவிடுமாறு நெருக்கப்பட்ட ஒரு ஸ்தாபனத்தின் கதை அது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கெண்டக்கி என்பது ஒரு மாகாணம். அதன் நடுப்பகுதியிலுள்ள புல்வளமிக்க சமவெளி நிலச்சுவான்தார்களுடையது. கிழக்கே அப்பலாச்சிய மலைத்தொடர் எளிய குடியானவர்களுடையது. சமவெளி முடிந்து மலையடிவாரம் தொடங்கும் ஒரு மேட்டில் அமைந்திருக்கின்றது பெரீயா என்னும் சிற்றூரும் அதே பெயர்கொண்ட கலாசாலையும். தமிழ் விவிலியத்தில் இப்பெயர் ‘பெரோயா’ என வழங்கும். அப்போஸ்தலர் நடபடிகளில், பவுலடிகள் கூறியதைக் கேட்டவுடன் ஒப்புக்கொண்டுவிடாமல், அது மெய்தானோவென்று நாடோறும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் அவ்வூரார். கலாசாலைக்கு இப்பெயரைத் தெரிந்தெடுத்தவரின் மனப்பான்மை இதனால் விளங்கும். சர்வகலாசாலை என்ற பட்டம் இதற்கில்லை. எனினும் அமெரிக்க வழக்கப்படி தானே பட்டமளிக்கும் உரிமையுடையது.

இதனை நிறுவியவர் ஜான் கிரெக் ஃபீ என்னும் பாதிரியார். 1816-ஆம் ஆண்டில் கெண்டக்கியின் வடபகுதியில், அடிமைகளை உடைமையாகக் கொண்ட ஒரு குடும்பத்தில் அவர் பிறந்தார். சமயக் கல்வி பயிலச் சின்சினாட்டி நகரத்து லேன் கலாசாலைக்குச் சென்றபோது, மனிதனை மனிதன் விலைக்கு வாங்குதலும் கிறிஸ்துவின் போதனையும் ஒருங்கே நிற்கமாட்டா என்ற முடிவிற்கு வந்தார். வீட்டிற்குத் திரும்பி வந்து தகப்பனாரிடமே அதனைச் சொன்னார். விளைவு யாதாயிருந்திருக்குமென்று நாம் ஊகிக்கலாம். மகன் சொத்துரிமை இழந்தார்.

அக்குடும்பத்தில் ஜூலெட் மைல்ஸ் என்னும் அடிமைப் பெண்மணி இருந்தார். அவரை விற்றுவிடத் தகப்பனார் கருதியதை அறிந்த ஃபீ, தாமே விலைகொடுத்து வாங்கி விடுதலை செய்தார். ஆனால் அவ்வம்மையாரின் மக்களும் பேரப்பிள்ளைகளும் அடிமைகளாகவே இருந்தனர். 1858-இல் அவர்களை ஒஹையோ ஆற்றுக்கு அப்பால் சுதந்தர பூமிக்கு அழைத்துச் செல்ல முயன்றபோது ஜூலெட் பிடிபட்டார். தம் சொந்தப் பிள்ளைகளைத் திருடிய குற்றத்திற்காகச் சிறையிலடைக்கப்பட்டு, சிறையிலேயே உயிர் நீத்தார். கலாசாலையின் வரலாற்று நூல்களில் இப்பெண்மணிக்குச் சில வரிகளே கிடைக்கின்றன. எம்மட்டில், கலாசாலையின் அஸ்திவாரக் கற்களில் ஒன்று இவ்வம்மையாரின் சிறைவாசமே என்று தோன்றுகின்றது.

ஃபீயின் பிரசங்கங்களைக் கேட்ட காஸியஸ் கிளே என்னும் அரசியல்வாதி அவரை மாடிசன் ஜில்லாவிற்கு அழைத்துப் பத்து ஏக்கர் நிலம் வழங்கினார். கிளேயும் அடிமை முறையை வெறுத்தவரே. அவ்விடத்தில் 1855-ஆம் ஆண்டு ஓரறைப் பள்ளிக்கூடம் ஒன்று எழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவே கோயில். ஆயினும் இருவர் நட்பும் நீடிக்கவில்லை. 1856 ஜூலை 4-ஆம் நாள், அமெரிக்கரது சுதந்தரத் திருநாள் கூட்டத்தில், கடவுளின் கட்டளைக்கு மாறான சட்டத்திற்குக் கீழ்ப்படிய வேண்டுவதில்லை என்று ஃபீ பேசினார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டுமென்ற சட்டத்தையே அவர் குறித்தார். சட்டம் சட்டமாயிருக்கும் வரையில் அதனை மதித்தே மாற்ற வேண்டும் என்பது கிளேயின் கொள்கை. இருவரும் பிரிந்தனர். கிளேயின் செல்வாக்கு ஃபீக்கு அளித்துவந்த பாதுகாப்பும் அன்றோடு அகன்றது. இவ்விருவருள் யார் கட்சி சரியானது என்பதைப் பற்றி நம்மவர்களுக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் இருக்கக்கூடும். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கூறுமிடத்து இக்கேள்வி மறுபடியும் எழும்.

இனி விதிப்பத்திரத்திற்கு வருவோம். ஃபீயும், ஓபர்லின் கலாசாலையில் பயின்று வந்த ஜான் ராஜர்ஸ் என்பவரும், வேறு சில நண்பர்களும் கூடி, 1859-ஆம் ஆண்டு ஒரு கலாசாலைக்குரிய விதிகளை வரைந்தனர். அக்காலத்தில் அவர்களிடம் இருந்தது அந்த ஓரறைப் பள்ளி மட்டுமே. கலாசாலை முற்றிலும் கிறிஸ்தவ ஒழுக்கத்தின்கீழ் நடைபெறும் என்று விதி கூறிற்று. அவ்வாறு கூறியதோடு நில்லாமல், கிறிஸ்தவம் என்றதனாலேயே அது எவ்வெவற்றிற்கு விரோதமானது என்பதையும் பெயர் சொல்லி எழுதினர். உட்பிரிவுச் சமயச் சண்டை, அடிமைகளை வைத்திருத்தல், ஜாதி, இன்னும் இவைபோன்ற தவறான வழக்கங்கள் யாவும் அதிற் குறிக்கப்பட்டன.

‘ஜாதி’ என்னும் சொல்லைக் கண்டு நேயர்கள் வியப்புறலாம். ஆங்கிலத்தில் நம் நாட்டு வகுப்புப் பிரிவைக் குறிக்க வழங்கும் அதே சொல்லையே அமெரிக்க மலையடிவாரத்தில் அவர்கள் எழுதினர். அடிமைத்தனம் ஒழிந்துவிடினும், ஒருவனோடு ஒருவன் உண்ணாமையும், ஒரே பலகையில் அமராமையும், ஒரே தெருவில் குடியிராமையும் எஞ்சி நிற்கும் என்பதை அவர்கள் முன்னரே உணர்ந்திருந்தனர். ஒரு வகுப்பின் பெயரைத் தாங்கிய சங்கத்தின் பத்திரிகையில் இதனை எழுதுகையில் எம் பேனா சற்றே தயங்கிற்று என்பதை மறைப்பானேன்? நம் சங்கம் நம் பிள்ளைகளை முன்னேற்றத் தோன்றியது. பிறரைத் தாழ்த்தத் தோன்றியதன்று. இருப்பினும் அச்சொல் நம்மை நோக்கியும் எழுதப்பட்டதே என்று எண்ணிக்கொண்டு மேலே செல்வோம்.

அவ்வாண்டு அக்டோபர் மாதம் ஜான் பிரௌன் என்பவர் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்னுமிடத்தில் அரசாங்க ஆயுதசாலையைக் கைப்பற்றி அடிமைகளின் கிளர்ச்சியை எழுப்ப முயன்றார்; அது முறிந்து அவர் தூக்கிலிடப்பட்டார். கலாசாலைக்குப் பொருள் திரட்டுவதற்காகக் கிழக்குப் பட்டணங்களுக்குச் சென்றிருந்த ஃபீ, புரூக்ளினில் ஒரு கோயிலிற் பேசுகையில், பிரௌனது முறையை வேண்டாமென விலக்கி, அவருடைய தியாக உணர்ச்சியை மட்டும் பாராட்டினார். பத்திரிகைகள் பாதியை விட்டுப் பாதியை அச்சிட்டன. ஃபீ ஆயுதங்கொண்டு வருகின்றார் என்று கெண்டக்கியில் வதந்தி பரவிற்று. டிசம்பர் 23-ஆம் நாள் ஜில்லாவின் செல்வர்களும் செல்வாக்குடையவர்களுமாகிய சுமார் 60 பேர் குதிரைகளின்மீது ஆயுதபாணிகளாய் வந்து, பத்து நாட்களுக்குள் ஊரைவிட்டு வெளியேற வேண்டுமென ராஜர்ஸின் வீட்டு வாயிலில் அறிவித்தனர். கவர்னரிடம் முறையிட்டதும் பயனற்றதாயிற்று. பாதுகாப்பளிக்கத் தம்மாலாகாதென்று அவர் கூறிவிட்டார். குளிர்காலத்தின் நடுவில், குழந்தை குட்டிகளுடன், அக்குடும்பங்கள் வடக்கே சின்சினாட்டிக்குப் புறப்பட்டன. ஒரு மாணவனுக்கேனும் பட்டமளிக்கு முன்னரே கலாசாலை நாடு கடத்தப்பட்டது.

பின்னர் உள்நாட்டு யுத்தம் மூண்டது. கெண்டக்கி வடதிசை அரசாங்கத்தோடேயே நின்றதாயினும் அங்கே அடிமைத்தனம் 1865 டிசம்பர் வரையிலும் நீடித்தது. அடிமையாயிருந்த ஆண்மகன் படையிற் சேர்ந்தால் விடுதலை பெறுவான் என்று அறிவிக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானவர் நெல்சன் பாளையம் என்னும் படைவீட்டிற்கு வந்து குவிந்தனர். 1864-இல் ஃபீ அங்கே சென்று, பகலிற் பயிற்சியும் மாலையில் எழுத்துமாக அச்சிப்பாய்களுக்குக் கல்வி புகட்டலானார். துவக்கு ஏந்திய கையினால் எழுத்தாணி பிடிக்கக் கற்ற அம்மனிதர்களே பின்னர்ப் பெரீயாவின் முதல் மாணவர்களாகவும் முதல் மாணவர்களின் தந்தைமாராகவும் விளங்கினர்.

அப்பாளையத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சிறிது விரிவாகக் கூறுதல் வேண்டும். பெல் மிட்செல் என்னும் கறுப்பினத்து இளம்பெண்ணை, வயது 18 அளவில் இருக்கும், ஃபீ அங்கே ஆசிரியையாக நியமித்தார். ஆசிரியர்கள் உண்ணும் பொது உணவுச்சாலையில் அவரைத் தம்மோடு அமரச் செய்தார். அவர் அமர்ந்ததும், அடிமைகளின் விடுதலைக்காகவே அங்கு வந்திருந்த வெள்ளை ஆசிரியர்களும் படை உத்தியோகஸ்தர்களும் பெரும்பாலோர் பந்தியைவிட்டு எழுந்துவிட்டனர். அப்பெண்ணை அனுப்பிவிடுமாறு ஃபீயை வற்புறுத்தினர். அவர் இணங்கவில்லை. ஆனால் அவர் வெளியூர் சென்றிருந்த சமயத்தில் அவ்விளம்பெண்ணை அனுப்பிவிட்டனர். படிப்பிக்கலாம், மருந்து கொடுக்கலாம், பிரசங்கம் செய்யலாம். கூட இருந்து உண்ணுதல் மட்டும் கூடாது! இது அமெரிக்காவிற்கே உரிய விநோதம் என்று யாரும் எண்ண வேண்டா. எளியேன் மாணவனாயிருந்த விடுதியொன்றில், ஊர் பெயர் சொல்ல விரும்பவில்லை, ஒரு பையன் மட்டும் எப்போதும் கடைசிப் பந்தியில் உண்டுவந்தான். அவனைக் கடைசியில் அமருமாறு எவரும் கட்டளையிட்டதில்லை. நாங்களும் ஏன் என்று கேட்டதில்லை. பெல் மிட்செல் பின்னர்ப் பெரீயாவில் வந்து பயின்று, லெக்ஸிங்டன் நகரில் ஆசிரியையாயிருந்து, அநாதைக் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் அமைப்பதில் முன்னின்றார்.

யுத்தம் முடிந்தபின் ஃபீயும் ராஜர்ஸும் பெரீயாவிற்குத் திரும்பினர். 1866-ஆம் ஆண்டு முதன்முதலாகக் கறுப்பினப் பிள்ளைகள் வகுப்பினுள் நுழைந்தபொழுது, வெள்ளையர் பிள்ளைகளிற் பலர் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வெளியேறினர். ஆசிரியர்கள் அவர்களைப் பின்தொடர்ந்து சென்று கெஞ்சவுமில்லை, வைதலுமில்லை, பாடத்தை நடத்தினர். வெளியேறியவர்களிற் சிலர் சில நாட்களில் திரும்பி வந்தனர். அடுத்த கணக்கில் 187 மாணாக்கர் இருந்தனர். அவர்களுள் 96 பேர் கறுப்பினத்தவர், 91 பேர் வெள்ளையர். ஏறக்குறையச் சரிபாதி என்ற இவ்விகிதம் கால் நூற்றாண்டளவும் பெரிதும் குலையாமல் நின்றது. இதனை ஒத்ததொரு கலாசாலை அடிமைமுறை வழங்கிய தென்பகுதியில் அன்று வேறில்லை.

ஃபீ வகுப்பறையோடு நின்றாரில்லை. கலாசாலையைச் சுற்றியுள்ள நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்குங்கால், ஒரு வெள்ளையர் வீட்டிற்கு அடுத்து ஒரு கறுப்பினத்தார் வீடு அமையுமாறு கலந்தே விற்கச் செய்தார். தனிச்சேரி ஒன்று தோன்றிவிட்டால் பள்ளியில் எத்தனை சமத்துவம் பேசினும் மாலையில் வீடு திரும்பும் பிள்ளை அதனை மறந்துவிடும் என்பதை அவர் அறிவார். ஜூலியா பிரிட்டன் என்னும் கறுப்பின நங்கை 1870-களின் தொடக்கத்தில் அங்கே வெள்ளை மாணவர்களுக்கும் வாத்திய சங்கீதம் கற்பித்தார். இன்னும் ஒரு படி மேலே சென்று, இரு நிறத்து மாணவ மாணவியரும் ஒருவரோடொருவர் பழகுவதைத் தடை செய்வதில்லை என்று 1872-இல் டிரஸ்டிகள் தீர்மானமே நிறைவேற்றினர். அந்நாளைய கெண்டக்கியில் இது எத்துணைத் துணிவு என்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. நம் வீடுகளிலுள்ள பெரியோரைக் கேட்டால் அவர்களே சொல்லுவர்.

பொருள் எங்கிருந்து வந்ததெனின், பெரும்பாலும் வடநாட்டு அன்பர்களின் நன்கொடையினால் வந்தது. மாணாக்கர்களோ பரம ஏழைகள். அடிமைத்தனத்தினின்று நேற்று மீண்டவர்களும், மலையிலிருந்து வெறுங்காலோடு இறங்கி வந்தவர்களுமே அங்குப் பயின்றனர். ஆகையால் உழைத்துப் படிக்கும் முறை ஆரம்பத்திலேயே வேரூன்றிற்று. விறகு பிளத்தல், சமையற்கட்டு வேலை, பண்ணை வேலை யாவும் மாணவர் செய்தனர். பின்னாளில் நெசவும், மரவேலையும், துடைப்பங் கட்டுதலும் தொழிற்சாலைகளாகவே வளர்ந்தன. 1909-இல் திறக்கப்பட்ட பூன் டாவெர்ன் என்னும் விருந்தினர் விடுதியிலும் மாணவர்களே பணிபுரியலாயினர். 1892 முதல் போதனைச் சம்பளம் என்பதே அங்குக் கிடையாது. செல்வர் மகனும் ஏழை மகனும் ஒருங்கே பாத்திரம் தேய்த்தால் பாத்திரம் தேய்ப்பது இழிவென்னும் எண்ணம் போய்விடும் என்று சொல்வர். பெரீயாவில் செல்வர் மகனுக்கு இடமே இல்லாதபடியால் அச்சோதனை அங்கு நடைபெறவில்லை!

1892-இல் ஓபர்லினிலிருந்து கிரேக்க மொழிப் பேராசிரியர் வில்லியம் குட்டெல் ஃபிராஸ்ட் என்பவர் தலைவராக வந்தார். திறமைசாலி, 1920 வரையில் 28 ஆண்டுகள் பதவி வகித்துக் கலாசாலையைப் பன்மடங்கு பெருக்கினார். அப்பலாச்சிய மலைவாசிகளாகிய ஏழை வெள்ளையரின் நிலையை நாட்டிற்கு எடுத்துரைத்துப் பெருநிதி திரட்டினார். அடிமைகளை வைத்திராத, யுத்தத்தில் வடபக்கம் நின்ற அம்மலைவாசிகளுக்குக் கல்வியளித்தல் நற்பணியே. ஆனால் வெள்ளை மாணவர் தொகை பெருகப் பெருக, கறுப்பின மாணவர் சிறுபான்மையாயினர். 1872-ஆம் ஆண்டுத் தீர்மானம் கைவிடப்பட்டது; தங்குமிடங்கள் பிரிந்தன. பழைய கறுப்பின மாணவர்கள் இதனைக் கண்டித்தனர். முதியவராகிய ஃபீயும் மனம் நொந்து, 1901-இல் காலமானார். விதிப்பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதனைப் படிப்பவர் கண்கள்தாம் மாறின. பகைவர் துரத்தியதைக் காட்டிலும் இக்காலத்தைப் பற்றி எழுதுவதே எமக்கு வருத்தமாயிருக்கின்றது, ஏனெனில் இதில் கெட்டவர் என்று சுட்டிக்காட்ட எவரும் இல்லை. இதே காலத்தில்தான், 1903-இல், கார்ட்டர் உட்ஸன் அங்கே பட்டம் பெற்றார். கறுப்பின மக்களின் சரித்திர ஆராய்ச்சிக்கு வழிகோலி, 1926-இல் அச்சரித்திரத்திற்கென ஒரு வாரத்தை ஏற்படுத்திய அறிஞர் அவரே.

1904-ஆம் ஆண்டு கெண்டக்கிச் சட்டசபையில் கார்ல் டே என்னும் அங்கத்தினர் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். இரு நிறத்தாரையும் ஒரே இடத்தில் கற்பிக்கும் எந்த ஸ்தாபனத்திற்கும் 1000 டாலர் அபராதம். கற்பிக்கும் ஆசிரியருக்கும் அபராதம். படிக்கும் பிள்ளைக்கும் அபராதம். தனித்தனிக் கிளை வைப்பதாயின் ஒன்றற்கொன்று குறைந்தது 25 மைல் தூரம் இருத்தல் வேண்டும். மாகாணத்தில் அவ்வாறு கற்பித்துவந்த கலாசாலை பெரீயா ஒன்றே ஆதலின், பெயர் சொல்லாமல் அதன்மேல் தொடுத்த அம்பே அச்சட்டம்.

கலாசாலை வழக்காடிற்று. ஜில்லாக் கோர்ட்டில் 1000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மாகாண மேல்நீதிமன்றம் 1906-இல் அந்த 25 மைல் விதியை மட்டும் தள்ளி, மற்றவற்றை உறுதிசெய்தது. 1908-ஆம் ஆண்டு நவம்பரில் வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டு, கலாசாலை என்பது மாகாணம் வழங்கிய சாஸனத்தினால் உயிர்வாழும் ஒரு சங்கமேயாதலால் அச்சாஸனத்தை மாற்ற மாகாணத்திற்கு அதிகாரமுண்டு என்று தீர்ப்பளித்தது. தனிமனிதருடைய உரிமையைப் பற்றிய கேள்வியை நீதிபதிகள் தொடாமலே தப்பித்துக்கொண்டனர். மாறுபட்டவர் இருவர். ஒருவர் ஜான் மார்ஷல் ஹார்லன். தாமும் கெண்டக்கியிற் பிறந்தவர். 1896-இல் ரயில் வண்டிகளில் நிறப்பிரிவினையை அனுமதித்த வழக்கிலும் தனித்து நின்று மறுத்தவர். தாமாக விரும்பிக் கூடிப் படிப்போரை அரசாங்கம் பிரித்து வைக்கலாமெனின் அவ்வதிகாரத்திற்கு எல்லை யாது என்பது அவர் வாதத்தின் சாரம். மற்றொருவர் பெயரும் டே, வில்லியம் டே. சட்டம் செய்தவர் ஒரு டே, அதனை மறுத்தவர் ஒரு டே!

இனி என் செய்வது? சட்டத்தை மீறிக் கலாசாலையை மூடிவிடுவதா, பணிந்து ஒரு பகுதியாரை அனுப்பிவிடுவதா? ஃபீயும் கிளேயும் 1856-இல் பிரிந்த அதே இடத்திற்கு டிரஸ்டிகள் வந்து நின்றனர். அவர்கள் பணிந்தனர். வழக்கு நடக்கும்போதே கறுப்பின மாணவர்களுக்குப் பிரயாணச் செலவு முதலியன உதவி, ஃபிஸ்க் முதலிய வேறு கலாசாலைகளுக்கு அனுப்பினர். பின்னர் மூலநிதியில் ஒரு பங்கைப் பிரித்தும், ஆண்ட்ரூ கார்னெகி அளித்த 200,000 டாலரைக் கொண்டும், பிறரிடம் வசூலித்தும், லூயிவில் நகருக்கு அருகே கறுப்பினப் பிள்ளைகளுக்கென லிங்கன் இன்ஸ்டிடியூட் என்னும் பள்ளியை 1912-இல் திறந்தனர். அங்கே 1935 முதல் தலைமை வகித்தவர் விட்னி யங். அவர் மகனாகிய இளைய விட்னி யங் 1921-இல் அவ்வளாகத்திலேயே பிறந்து, பின்னர் கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த நகர லீக் சங்கத்தின் தலைவராக உலகறிய விளங்கினார். நல்ல பள்ளிதான். ஆயினும் பெரீயாவிற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டதோர் உயர்நிலைப் பள்ளியே அது, கலாசாலை அன்று.

1950-இல் சட்டம் திருத்தப்பட்டது. கலாசாலைகள் விரும்பினால் இரு நிறத்தாரையும் சேர்க்கலாம் என்றாயிற்று. கெண்டக்கியில் முதலில் கதவைத் திறந்தவற்றுள் பெரீயாவும் ஒன்று. 46 ஆண்டுகள் கழிந்திருந்தன; 1904-இல் வெளியேறிய பிள்ளைகளின் பேரர்கள் படிக்கும் வயதினராயிருந்தனர். திரும்பி வந்தவர் முதலில் மிகச் சிலரே. பழைய சரிபாதி விகிதம் மீளவேயில்லை.

இப்பொழுது அங்கே சுமார் 1500 மாணவர் பயில்கின்றனர். பொருளுதவி தேவைப்படுவோர்க்கே இடம். போதனைச் சம்பளம் இன்றளவும் இல்லை. மூலநிதி நூறு கோடி டாலருக்கு மேல் வளர்ந்திருக்கின்றது. ஒவ்வொரு மாணவரும் வாரத்திற்குக் குறைந்தது பத்து மணி நேரம் கலாசாலைக்காக உழைத்தல் வேண்டும். இன்ன சமயத்தைத் தழுவ வேண்டுமென்ற நிபந்தனை மாணவருக்கில்லை. பூமியிலுள்ள சகல ஜனங்களையும் கடவுள் ஒரே இரத்தத்தினால் படைத்தார் என்ற பொருளுடைய விவிலிய வாசகமே கலாசாலையின் முத்திரை மொழியாக இருந்து வருகின்றது.

இக்கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை, வினா எழுப்பிய முதியவரிடம் முன்னதாகவே காட்டினோம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே: அந்தப் பத்து மணி நேர வேலையில் சமையற்கட்டும் அடங்குமா, அங்கே யார் பரிமாறுவார், யார் உண்பார் என்பது. அடங்கும் என்றோம், எல்லாரும் எல்லாருக்கும் பரிமாறுவர் என்றோம். அடுத்த விடுதிக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பில் அவ்விஷயத்தைச் சேர்க்குமாறு காரியதரிசிக்குச் சீட்டெழுதி எம்மிடமே கொடுத்தனுப்பினார்.